பிளஸ் 1 பாடப்பிரிவு: மதிப்பெண்ணைக் கேட்கும் முன் பிள்ளையைக் கேட்போம்

(பத்தாம் வகுப்பு மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் நமது ஜமாஅத் கல்விக் குழு நடத்திய வழிகாட்டுதல் கூட்டத்தில், குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

வழமையாக நமது கல்விக் குழு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான பின்னரே கூட்டம் கூட்டுவது வழக்கம். அதிக மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பரிசளிப்போம், ஓரிருவர் வாழ்த்துரை வழங்குவர், தேநீருடன் கலைந்துவிடுவோம். இவ்வாண்டு தேர்வு நடைபெறுவதற்கு முன்னரே உங்களை அழைத்திருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு.

தேர்வு முடிவு வெளியாகும் நாளுக்கும் பிளஸ் 1 வகுப்பில் இடம்பிடிக்கும் நாளுக்கும் இடையில் நமக்குக் கிடைப்பவை மிகச் சில நாட்களே. அந்தச் சில நாட்களில் வாழ்த்துச் சொல்ல வருகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாடப்பிரிவைச் சொல்லிச் செல்கின்றனர். வளைகுடா நாட்டில் பணிபுரியும் தகப்பனார், தம்முடன் அறையில் தங்கியிருப்பவர் சொன்னதைக் கேட்டுத் தொலைபேசியில் ஒரு பிரிவைச் சொல்கிறார். பள்ளியோ, மதிப்பெண் பட்டியலைப் பார்த்து வேறொரு பிரிவைத் தருகிறது. இத்தனை பேர் பேசும் அந்த நேரத்தில் பேசாதிருப்பவர் ஒருவரே. படிக்கப் போகும் பிள்ளைதான் அவர்.

எங்கள் தவறு

பிறர் குறையைச் சொல்வதற்கு முன் எங்கள் குறையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில் நடைபெற்ற பரிசளிப்பு விழாவில், நம் மஹல்லாவில் முதலிடம் பெற்ற மாணவி ஒருவரை மேடைக்கு அழைத்தோம். அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டோம். "கணக்குப்பதிவியல் படிக்கப் போகிறேன்" என்றார் அவர். மண்டபத்தில் சிரிப்பொலி எழுந்தது. மேடையில் இருந்த நாங்களும் சிரித்தோம். "இவ்வளவு மதிப்பெண் வாங்கிவிட்டு வணிகவியலா?" என்று அவருடைய தகப்பனாரிடம் கேட்டவர்கள் நாங்களேதாம்.

அந்தத் தகப்பனார் சிறிய மளிகைக் கடை நடத்துபவர். எட்டாம் வகுப்பிலிருந்தே கடையின் பற்று வரவு நோட்டை எழுதி வந்தவர் அந்த மகள். எந்த வாடிக்கையாளர் எவ்வளவு பாக்கி, எந்த மொத்த வியாபாரிக்கு எந்தத் தேதியில் தரவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இதை எங்களுள் ஒருவரும் விசாரிக்கவில்லை. ஜமாஅத்துப் பெரியவர்கள் சொல்கிறார்களே என்று தகப்பனார் மகளை உயிரியல், கணிதம் அடங்கிய பிரிவில் சேர்த்தார். இரண்டாண்டுகள் அவர் சிரமப்பட்டுப் படித்துத் தேர்ச்சி பெற்றார். நீட் தேர்வில் போதிய மதிப்பெண் கிடைக்கவில்லை. ஓராண்டு பயிற்சிக்குச் செலவிட்டு மீண்டும் எழுதினார். அப்போதும் இடம் கிடைக்கவில்லை. அதற்கு மேல் செலவிடக் குடும்பத்தில் வழியில்லை. இப்போது அஞ்சல் வழியில் பி.காம். படித்துக்கொண்டு, சி.ஏ. முதல்நிலைத் தேர்வுக்குத் தாமே தயார் செய்து வருகிறார்.

அண்மையில் அவரைச் சந்தித்தபோது எங்கள் மீது அவர் குறை ஏதும் சொல்லவில்லை. "மூன்று வருடத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லே இன்றைய கூட்டத்துக்குக் காரணம்.

பாடப்பிரிவு என்பது என்ன?

இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்களுள் சிலர் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துக் கல்லூரியில் பி.யூ.சி. படித்தவர்கள். தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி முறை வந்தது. அதன்பின், முன்னர் கல்லூரி வாசலில் எடுக்கப்பட்ட முடிவைப் பதினைந்து வயதிலேயே, பள்ளி வாசலில் எடுக்க வேண்டியதாயிற்று.

இன்றைய முறையில் மாணவர் மொழிப்பாடம், ஆங்கிலம் ஆகிய இரண்டுடன் நான்கு முதன்மைப் பாடங்களைப் படிக்கிறார். இந்த நான்கு பாடங்களின் சேர்க்கையையே நாம் குரூப் என்கிறோம். பெற்றோர்கள் தம் காலத்து 1200 மதிப்பெண்ணை மனத்தில் வைத்துக் கணக்கிட வேண்டா. இப்போது ஒரு பாடத்துக்கு 100 வீதம் ஆறு பாடங்களுக்கு 600 மதிப்பெண்களே.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். 2017-18 கல்வியாண்டில் பிளஸ் 1 வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-ஆம் ஆண்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 கல்வியாண்டு முதல் அத்தேர்வு கைவிடப்பட்டது. இதைக் கேட்டு, பிளஸ் 1 ஓய்வெடுக்கும் ஆண்டு என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. நீட், ஜே.இ.இ. போன்ற நுழைவுத் தேர்வுகளின் பாடத்திட்டத்தில் பிளஸ் 1, பிளஸ் 2 ஆகிய இரு வகுப்புப் பாடங்களும் உள்ளன. பிளஸ் 1 கணிதம் புரியாதவருக்குப் பிளஸ் 2 கணிதமும் புரியாது.

திறக்கும் கதவுகளும் மூடும் கதவுகளும்

ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது அது எந்தக் கதவைத் திறக்கிறது என்று மட்டுமே நாம் பார்க்கிறோம். எந்தக் கதவை மூடுகிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு பிரிவாகச் சுருக்கிச் சொல்கிறோம்.

முதலாவது, இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றுடன் உயிரியல் சேர்ந்த பிரிவு. பொறியியல், மருத்துவம் ஆகிய இரு பக்கமும் வழிவிடும் பிரிவு இதுவே. ஆனால் பாடச்சுமை மிகுந்தது. இரு பக்கமும் வழி இருக்கிறது என்பதற்காகவே இதில் சேர்ந்து, கணிதத்துக்கும் நேரமில்லாமல் உயிரியலுக்கும் நேரமில்லாமல் இரண்டிலும் பின்தங்கிய பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறோம். கணிதத்தில் உண்மையான விருப்பமும் உயிரியலைப் பொறுமையுடன் படிக்கும் பழக்கமும் ஒருங்கே உள்ளவருக்கே இது பொருந்தும்.

இரண்டாவது, உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் அமைந்த பிரிவு. பொறியியல் சேர்க்கைக்கு மாநில அளவில் நுழைவுத் தேர்வு 2007-ஆம் ஆண்டு முதல் இல்லை. பிளஸ் 2 வகுப்பில் பெற்ற கணித மதிப்பெண் 100-க்கும், இயற்பியல் 50-க்கும், வேதியியல் 50-க்கும் கணக்கிடப்பட்டு 200-க்குக் கட்-ஆப் தரப்படுகிறது. இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்கும். கணிதமே பாதி எடை. மேலும், அந்த 200-ல் கணினி அறிவியல் மதிப்பெண்ணுக்கு இடமே இல்லை. எனவே, பி.இ. கணினிப் பொறியியல் படிக்க வேண்டுமானால் பிளஸ் 1-ல் கணினிப் பிரிவு கிடைத்தே ஆகவேண்டும் என்ற எண்ணம் தவறானது. கட்டடக்கலைப் பட்டப்படிப்பும், வணிகக் கப்பல் துறைப் படிப்புகளும் கணிதம் படித்தவர்க்கே உரியவை. கடல் பணியில் ஆர்வமுள்ளவர்கள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வைப் பற்றி விசாரியுங்கள். அத்துறைக்குக் கண்பார்வைத் தகுதியும் உண்டு. எனவே மகனின் கண்ணைப் பரிசோதித்த பின்னரே ஆசையை வளர்த்தல் நலம்.

மூன்றாவது, இயற்பியல், வேதியியலுடன் தாவரவியல், விலங்கியல் அமைந்த, கணிதம் இல்லாத பிரிவு. பொறியியல் கதவு இங்கே மூடப்படுகிறது. இதில் சேர்வோர் எம்.பி.பி.எஸ். ஒன்றையே கண்ணில் வைத்துச் சேர்கின்றனர். தமிழ்நாட்டில் 2017 முதல் மருத்துவம், பல் மருத்துவம் ஆகியவற்றுக்கு நீட் தேர்வே அடிப்படை. பிளஸ் 2-ல் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றாலும் அது அந்தத் தரவரிசைக்கு உதவாது. ஆனால் இதே பிரிவிலிருந்து செவிலியர் பட்டப்படிப்பு, பி.பார்ம்., வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம் எனப் பல வழிகள் பிரிகின்றன. கால்நடை மருத்துவத்துக்கு மாநில இடங்கள் பிளஸ் 2 மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. "டாக்டர் ஆகாவிட்டால் என்ன?" என்ற கேள்விக்குச் சேரும் நாளிலேயே வீட்டில் ஒரு பதில் இருத்தல் வேண்டும். பதில் இல்லாத வீட்டில்தான் ஒரு தேர்வு முடிவு துக்கமாக மாறுகிறது.

நான்காவது, வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றுடன் கணினிப் பயன்பாடு அல்லது வணிகக் கணிதம் அமைந்த பிரிவு. வியாபாரத்தையே தலைமுறைத் தொழிலாகக் கொண்ட நம்மவர்கள் வணிகவியலைக் குறைந்த மதிப்பெண்காரர்களின் பிரிவு என்று கருதுவது வியப்புக்குரியது. சி.ஏ. என்னும் பட்டயக் கணக்கர் படிப்பில் முதல்நிலை, இடைநிலை, இறுதிநிலை என மூன்று கட்டத் தேர்வுகள் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவுடனேயே முதல்நிலைக்குப் பதிவு செய்துகொண்டு, பிளஸ் 2 எழுதிய பின் தேர்வில் அமரலாம். கணக்கியல், வணிகச் சட்டம், கணிதத் திறன், பொருளியல் ஆகியவை அதன் தாள்கள். மூன்றாண்டாக இருந்த கட்டாயப் பயிற்சிக் காலம் 2023-ல் வந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. தணிக்கையாளரிடம் பணம் கொடுத்துக் கணக்கை ஒப்படைக்கும் கடைகள் நமதூரில் எத்தனையோ உள்ளன. அந்தத் தணிக்கையாளர் நம் பிள்ளையாக ஏன் இருத்தல் கூடாது? நான்காவது பாடமாக வணிகக் கணிதம் கிடைக்கும் பள்ளியாயின், எண்ணில் தேர்ந்த பிள்ளைகள் அதை எடுப்பது பின்னாளில் பயன்தரும்.

ஐந்தாவது, வரலாறு, பொருளியல் முதலியவை அடங்கிய கலைப் பிரிவு. ஐந்தாண்டுச் சட்டப்படிப்புக்கு எந்தப் பிரிவில் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் 2 மதிப்பெண்ணைக் கொண்டு சேர்க்கிறது. திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு கிளாட் என்னும் நுழைவுத் தேர்வு உண்டு. குடிமைப் பணித் தேர்வுக்கும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதுமானது. அத்தேர்வுகளில் வரலாறும் அரசியலமைப்பும் பொருளாதாரமும் பெரும்பங்கு வகிக்கின்றன. நிலப்பத்திரம், வக்ஃபுச் சொத்து, வாடகை வழக்கு என்று வழக்கறிஞரைத் தேடி அலையும் நாம், நம் மஹல்லாவிலிருந்து ஒரு வழக்கறிஞரை உருவாக்க எண்ணியதில்லை.

ஆறாவது, தொழிற்கல்விப் பிரிவு. வேளாண்மை, மின்னியல், இயந்திரவியல், செவிலியம், அலுவலக மேலாண்மை போன்றவை இதில் அடங்கும். இதைப் படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் தனிப் பிரிவே உண்டு. பள்ளியை விட்டு மூன்றாண்டுப் பாலிடெக்னிக்கில் சேர்வதும் குறைவான வழியன்று. பட்டயம் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இத்துடன் ஐ.டி.ஐ. பயிற்சியும் இருக்கிறது. பிளஸ் 2 முடித்தவுடன் வெளிநாடு செல்வதே எண்ணம் என்று சொல்லும் மகன்களின் பெற்றோர் இவற்றைக் கட்டாயம் சிந்தித்தல் வேண்டும். தொழிற்சான்று உள்ளவரும் இல்லாதவரும் ஒரே விமானத்தில் செல்லலாம்; ஆனால் ஒரே சம்பளத்தில் இறங்குவதில்லை.

பாடப்பிரிவுடன் சேர்ந்து முடிவாகும் செய்திகள்

பெற்றோர்களே, இந்தப் பகுதியைச் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டுகிறோம். பிளஸ் 1 சேரும்போது பிரிவை மட்டுமன்று, வேறு சிலவற்றையும் நீங்கள் அறியாமலே முடிவு செய்துவிடுகிறீர்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையைப் பிளஸ் 1-க்குப் பெரிய தனியார் பள்ளியில் சேர்ப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் 2021-ல் அது விரிவாக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருத்தல் அதற்குரிய நிபந்தனை. ஐந்தாண்டு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை கடைசி இரண்டாண்டுக்கு வெளியேறினால் அந்த உரிமை போய்விடுகிறது. கட்டணமும் கட்டி, உரிமையையும் இழந்து நிற்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மாணவியர்க்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்க்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் எந்த வகைப் பள்ளியில் படித்தார் என்பதே அடிப்படைத் தகுதியாக அமைந்தது. எனவே பள்ளியை மாற்று முன் இப்போதைய விதிகளைத் தலைமையாசிரியரிடம் கேட்டறியுங்கள். தனியார் பள்ளி வேண்டா என்று நாங்கள் சொல்லவில்லை. எதை விட்டு எதைப் பெறுகிறோம் என்று அறிந்து செய்யுங்கள் என்கிறோம்.

அடுத்தது பயிற்று மொழி. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010-ல் வந்தது. பட்டம் மட்டும் தமிழ் வழியில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருத்தல் வேண்டும் என்று பின்னர்த் திருத்தப்பட்டது. பத்து ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளையைப் பிளஸ் 1-ல் ஆங்கில வழிக்கு மாற்றுவது பாடத்தையும் கடினமாக்கும், இந்த முன்னுரிமையையும் போக்கும். அரசுப் பணி நோக்கம் உள்ளவர்கள் இதை மறக்கலாகாது.

மூன்றாவது சாதிச் சான்றிதழ். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த முஸ்லிம்களுக்கு 2007-ஆம் ஆண்டு முதல் 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருந்து வருகிறது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கினி முஸ்லிம், தூதேகுலா, மாப்பிள்ளை, அன்சார், ஷேக், சையத் எனப் பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் சான்றிதழில் சரியாக இருத்தல் வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், சான்றிதழில் வேறொரு எழுத்து என்று இருப்பதால் கலந்தாய்வு நாளில் பதறுவோர் பலர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் அச்சாவதற்கு முன் சரிபார்த்துக்கொள்வது எளிது. பின்னர்த் திருத்துவது பெரும்பாடு.

பெண் பிள்ளைகளைப் பற்றி

பெண் பிள்ளைகளின் பாடப்பிரிவை நம்முள் பலர் பாடத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை, தூரத்தைப் பார்த்தே முடிவு செய்கிறோம். வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியில் எந்தப் பிரிவு இருக்கிறதோ அதுவே அவருடைய பிரிவு என்றாகிவிடுகிறது. பாதுகாப்பைப் பற்றிய கவலை நியாயமானது. அதை நாங்கள் எள்ளி நகையாடவில்லை. ஆனால் அந்தக் கவலைக்குப் பேருந்து, துணைக்கு வரும் தோழியர், நான்கு வீட்டார் சேர்ந்து அமர்த்தும் வாகனம் என்று தீர்வுகள் உண்டு. பிடிக்காத பாடத்தை இரண்டாண்டு படிக்கும் பிள்ளைக்கு அத்தகைய தீர்வு இல்லை. ஒரே தெருவில் மூன்று மாணவியர் ஒரே பிரிவை விரும்பினால் எங்களிடம் சொல்லுங்கள். வாகனத்துக்கான ஏற்பாட்டை ஜமாஅத் முன்னின்று செய்துதரும்.

இப்போதிலிருந்து செய்ய வேண்டியவை

தேர்வு முடிவுக்குக் காத்திராமல், இன்றிரவே தொடங்கக்கூடிய சில செயல்களைச் சொல்கிறோம்.

1. பிள்ளையைத் தனியே அமரவைத்துக் கேளுங்கள். "என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்க வேண்டா. பதினைந்து வயதில் அதற்குப் பதில் தெரியாதிருப்பது குற்றமன்று. "எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறாய்? எந்தப் புத்தகத்தைத் திறக்கவே மனம் வரவில்லை?" என்று கேளுங்கள். இவற்றுக்கு எல்லாப் பிள்ளைகளிடமும் பதில் இருக்கும்.

2. ஒரு தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்காமல், ஒன்பதாம் வகுப்பு முதல் வந்த மதிப்பெண்களைப் பாடவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். மொத்தம் 500-க்கு எவ்வளவு என்பதைவிட, கணிதத்திலும் அறிவியலிலும் தனித்தனியே எவ்வளவு என்பதே வழிகாட்டும்.

3. பிளஸ் 1 பாடநூல்களைப் பிள்ளை கையில் கொடுங்கள். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எல்லாப் பிரிவு நூல்களையும் நமது நூலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். தேர்வு முடிந்த விடுமுறையில் ஒவ்வொரு பாடத்திலும் முதல் இரண்டு பாடங்களை வாசிக்கட்டும். எந்த நூலுடன் நெடுநேரம் அமர்ந்திருக்கிறார் என்று பாருங்கள். பெயரைக் கேட்டுச் சேர்ந்த பாடத்தைவிட, பக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சேர்ந்த பாடம் நிலைக்கும்.

4. வெளிநாட்டில் இருக்கும் தகப்பனார்கள் முடிவைச் சொல்லுமுன், பிள்ளையுடனும் வகுப்பாசிரியருடனும் தனித்தனியே ஒருமுறை பேசுங்கள். ஆசிரியர் ஆண்டு முழுவதும் பார்த்த பிள்ளையை, நாம் விடுமுறையில் மட்டுமே பார்க்கிறோம்.

5. முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் இரண்டாவது எது என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

6. சேர்ந்த பிரிவு பொருந்தவில்லை என்று பிள்ளை முதல் சில நாட்களிலேயே சொன்னால், சோம்பல் என்று ஒதுக்காமல் உடனே தலைமையாசிரியரைச் சந்தியுங்கள். தொடக்கத்தில் மாற்றம் கேட்பது எளிது. காலாண்டுத் தேர்வு கடந்துவிட்டால் கடினம்.

தேர்வில் ஓரிரு பாடங்களில் தவறியவர்களுக்கு ஒரு சொல். அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு நடைபெறுகிறது. அதில் தேறி அந்த ஆண்டே மேற்படிப்பில் சேரலாம். முடிவு வெளியான நாளில் உறவினர் கேட்பார்களே என்று வீட்டுக்குள் ஒடுங்கிவிடாமல், மறுநாளே எங்களிடம் வாருங்கள். முதலிடம் பெற்றவரைவிட உங்களுக்கே எங்கள் உதவி மிகுதியாகத் தேவை.

ஜமாஅத் ஏற்கும் பொறுப்பு

உங்களிடம் கேட்பதோடு நில்லாமல் எங்களுக்கும் சில கடமைகளை விதித்துக்கொண்டுள்ளோம். தேர்வு முடிவு வெளியான நாள் தொடங்கி இரு வாரங்களுக்கு, மாலை நேரத்தில் கல்விக் குழு உறுப்பினர் ஒருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் நூலகத்தில் இருப்பார்கள். மாணவியரும் தாய்மார்களும் தயக்கமின்றிப் பேசுவதற்குப் பெண் ஆசிரியை ஒருவரும் இருப்பார். சான்றிதழ் விண்ணப்பம், பெயர்த் திருத்தம் ஆகியவற்றுக்கு உடன் வந்து உதவுவதற்கு இளைஞர்கள் முன்வந்துள்ளனர். நம்மூரில் கணக்கராக, செவிலியராக, பொறியாளராக, ஆசிரியராகப் பணிபுரிவோர், தம் வேலை உண்மையில் எப்படிப்பட்டது என்று மாணவர்களிடம் அரைமணி நேரம் பேச இசைந்துள்ளனர்.

பரிசளிப்பு விழா வழக்கம்போல் நடைபெறும். ஆனால் அதில் ஒரு மாற்றம் உண்டு. மேடையில் நிற்கும் பிள்ளையிடம் "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று இனி நாங்கள் கேட்கமாட்டோம். நூறு பேர் முன்னிலையில் பிள்ளை சொல்லும் பதில், அந்த நூறு பேருக்காகவே சொல்லப்படும் பதிலாகிவிடுகிறது. அந்தக் கேள்வியை இந்த நூலகத்தின் ஒரு மூலையில், கதவைச் சாத்திக்கொண்டு, பொறுமையாகக் கேட்க எண்ணியிருக்கிறோம். எந்தப் பதில் வந்தாலும் சிரிப்பதில்லை என்று உறுதி கொண்டிருக்கிறோம்.

மாணவச் செல்வங்களே, நீங்களும் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். விருப்பத்தைச் சொல்லும் உரிமையைப் பெற்றவருக்கு உழைக்கும் கடமையும் உண்டு. "நான் கேட்ட பிரிவு இது" என்று சொல்லிச் சேர்ந்த பிறகு, சிரமம் வந்தால் பெற்றோரைக் குறைசொல்ல இயலாது. தோழன் சேர்கிறான் என்பதற்காகவோ, தோழி இருக்கிறாள் என்பதற்காகவோ ஒரு பிரிவைக் கேட்காதீர்கள். தோழமை மாலையிலும் தொடரும். பாடம் நாள் முழுதும் உங்களுடன் இருக்கும்.

நாங்கள் முன்னர்க் குறிப்பிட்ட அந்த மாணவியிடம் இக்கூட்டத்தைப் பற்றிச் சொன்னோம். அவருடைய செய்தியை இங்கே கூறலாமா என்று அனுமதி கேட்டபோது, பெயரைச் சொல்லாமல் கூறுங்கள் என்றார். வணிகவியல் எடுக்க விரும்பும் பிள்ளைகள் இருந்தால் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாகவும் சொன்னார். அவர் இழந்த மூன்றாண்டுகளைத் திருப்பித்தர எங்களால் இயலாது. இன்னொரு பிள்ளைக்கு அந்த இழப்பு நேராமல் காப்பது நம் அனைவராலும் இயலும்.